ஒரு ஆள் அதிகம்

கொரோனாவுக்காக மூடியிருந்த கோயில்களெல்லாம் திறந்து, ஊர் பழையபடி ஆன பிறகு வந்த முதல் ஆவணி மாதம். மகா சங்கடஹர சதுர்த்தியன்று நடந்தது இது. நடந்த இடம் கோயில் இல்லை, ஜெயில். எந்த ஜெயில் என்று பெயர் சொல்ல மாட்டேன். மயிலாப்பூரிலிருந்து வேனில் கிளம்பினால் நடுவில் இரண்டு குட்டித் தூக்கம் போடலாம், அவ்வளவு தூரம். ஆனால் பேர் மட்டும் எங்கள் தெரு டீக்கடை வரைக்கும் வந்திருந்தது. உள்ளே நுழைந்தவுடனே காரணம் கேட்காமல் நாலு சாத்து சாத்துவார்கள், மனுஷனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள் என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்வார்களாம். போகாதவர்கள் அதைவிட அதிகமாகச் சொல்வார்கள்.

நான் மந்தைவெளியில் குடியிருக்கிறேன். தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. பிள்ளையார் மட்டும் இல்லையென்றால் நான் இல்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, பிள்ளையாருக்கு இரண்டு அருகம்புல் வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு பஜனைக் குழு உண்டு. அதில் எனக்குப் பாட்டு வராது என்பதால் அபிஷேகம், அலங்காரம், சுண்டல் விநியோகம் எல்லாம் என் பொறுப்பு.

குழுவின் தலைவர் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "சங்கடத்துல இருக்கறவா அங்கதானே ஓய் ஜாஸ்தி? ஜெயிலுக்குள்ள ஒரு பிள்ளையார் கோயில் இருக்காம். பெர்மிஷன் வாங்கிண்டு வந்துட்டேன். நம்மாத்துல பண்ற மாதிரியே அபிஷேகம் பண்ணிடணும்."

என் மனைவிக்குத்தான் இஷ்டமில்லை. "ஏங்க, ஜெயில் வாசப்படிய ஒரு தடவ மிதிச்சா அது மறுபடி கூப்பிடும்னு சொல்வாங்களே" என்றாள். சொல்லிவிட்டு, சுண்டலுக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டாள். பெண்களெல்லாம் தனி வேனில், பக்கத்தில் இருக்கும் பெண்கள் சிறைக்குப் போவதாக ஏற்பாடு. ஆண்கள் இன்னொரு வேனில்.

ஜெயில் வாசலில் எங்களை நிறுத்திச் சோதித்த சோதனை இருக்கிறதே, அதை மறக்கவே முடியாது. முழுத் தேங்காய் கூடாது, யாராவது யார் மண்டையிலாவது போட்டுவிடுவார்களாம். தீப்பெட்டி கூடாது. செல்போன் எல்லாம் வேனிலேயே. சுண்டல் அண்டாவுக்குள் ஒரு நீளமான கம்பியை விட்டு மூலைக்கு மூலை குத்திப் பார்த்தார் ஒரு காவலர். கத்தி கிடைக்கவில்லை, ஒரு கறிவேப்பிலை கிடைத்தது. அடுத்து என் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். முகம் மாறிவிட்டது.

"இது என்ன வெள்ளைப் பவுடர்?"

"திருநீறு சார்."

"பாத்தா அப்படித் தெரியலையே." மோந்து பார்த்தார். பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் மோந்து பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கண்ணை மூடி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டு, "ஒரிஜினல்தான், விடு" என்றார்.

கடைசியாக எங்கள் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினார்கள். குத்திய காவலர், "இது அழிஞ்சுதுன்னா வெளிய விட மாட்டோம், ஜாக்கிரதை" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

உள்ளே, விசாரணைக் கைதிகள் இருக்கும் ஒரு பிளாக்கின் முற்றத்தில், வேப்பமரத்தடியில் பிள்ளையார் இருந்தார். சின்னக் கோயில். அவருக்கும் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். விசாரணைக் கைதிகளுக்குச் சீருடை கிடையாது. லுங்கி, வேட்டி, பனியன் என்று நம் வீட்டில் இருக்கிற மாதிரிதான் இருந்தார்கள். அதில் சிலர் அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்துத் தர முன்வந்தார்கள். நானும் வழக்கம்போல் சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். சாமிக்கு முன்னால் சட்டையோடு நிற்பது எங்கள் வழக்கமில்லை. என்னைப் பார்த்து அவர்களும் சட்டையைக் கழற்றிவிட்டார்கள்.

பால் சொம்பைக் கையில் எடுத்தபோதுதான் அந்த ஊதா முத்திரை கண்ணில் பட்டது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஜெயில் முத்திரை குத்திய கையால் பிள்ளையாரைத் தொடுவதா? மனசு கேட்கவில்லை. விளக்குத் துலக்குவதற்காகக் கொண்டுவந்திருந்த புளியை எடுத்து மணிக்கட்டில் தேய்த்தேன். போகவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தேன். பிறகு கொஞ்சம் சாம்பல். பாத்திரக் கடைக்காரன் கை, கறை போகாமல் விடுமா? முத்திரை இருந்த இடம் சிவந்து, பளபளவென்று ஆகிவிட்டது. அதற்கு மேல் சந்தனம் அரைத்ததில் அதுவும் மணிக்கட்டில் அப்பிக்கொண்டது. அந்தக் கையால் திருப்தியாக அபிஷேகம் செய்தேன்.

பூஜை நன்றாக நடந்தது. கைதிகள் எங்களைவிட நன்றாகப் பாடினார்கள். சுண்டல் கொடுத்து முடித்ததும் தலைவர் வாட்சைப் பார்த்து, "டைம் ஆயிடுத்து, கிளம்பு கிளம்பு" என்று விரட்டினார். யாரோ எல்லாச் சாமான்களையும் அள்ளிச் சுண்டல் அண்டாவுக்குள் போட்டார்கள். கம்பியில் தொங்கிய என் சட்டையும் அண்டாவுக்குள் போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது.

நான் கிளம்பவில்லை. பிள்ளையார் முதுகில் பால் பிசுபிசுப்பு அப்படியே இருந்தது. எறும்பு வந்துவிடாதா? இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது விசில் ஊதிய சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. முற்றத்தில் இருந்த கைதிகளெல்லாம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கையில் தடியோடு ஒரு வார்டர் என்னைப் பார்த்து, "டேய்! உனக்குத் தனியா வெத்தல பாக்கு வைக்கணுமா? ஓடுறா!" என்று கத்தினார்.

நான் ஓடினேன்.

ஏன் ஓடினீர்கள், நின்று விவரம் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். அந்தக் குரலில் சொன்னால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். அவளாக இருந்தாலும் ஓடியிருப்பாள்.

சாயங்காலம் அறையில் வைத்துப் பூட்டுவதற்கு முன்னால் ஆள் எண்ணுவார்கள். அதற்காக எல்லோரும் இரண்டிரண்டு பேராக வரிசையில் குந்த வேண்டும். உட்காரக் கூடாது, நிற்கக் கூடாது. குதிகாலில் குந்தி, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நான் ஓடிய வேகத்தில் வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒருவன் மட்டும் தனியாகக் குந்தியிருந்தான். முப்பது வயது இருக்கும், வெயிலில் காய்ந்த உடம்பு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமந்தவர்களில் அவனும் ஒருவன்.

"வா நைனா, குந்து" என்றான். "டெய்லி நான் மட்டும் ஒண்டியா குந்திக்கினு கீறேன். இன்னிக்குத்தான் எனுக்கு ஜோடி கெட்ச்சிது."

"தம்பி, நான் கைதி இல்லப்பா. பூஜைக்கு வந்தவன்."

"தெரியும் நைனா. நீ இன்னாத்துக்கு இங்க ஓடியாந்த?"

"ஓடுன்னாரு, ஓடி வந்துட்டேன்."

அவன் தலையைக் குனிந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எந்த ஏரியா என்று கேட்டான். மந்தைவெளி என்றதும் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அவன் பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பமாம். மீன் பிடிக்கிறவன். வலை விஷயத்தில் ஏதோ தகராறு, கைகலப்பு, கேஸ். ஜாமீன் போட ஆள் கிடைக்காமல் மாதக் கணக்கில் உள்ளே கிடக்கிறான்.

வார்டர் ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டே வந்தார். எங்களிடம் வந்ததும் நின்றார்.

"நேத்து வரைக்கும் ஒத்த ஆளு மிச்சம். இன்னிக்கு எப்படிடா ஜோடி ஆச்சு?"

நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்து, "சார், நான் கைதி இல்ல" என்றேன்.

அந்த வரிசை முழுக்கச் சிரித்தது பாருங்கள், எனக்கே ஒரு நிமிடம் நான் தமாஷ் செய்துவிட்டேனோ என்று தோன்றியது. முன்னாலிருந்து ஒருவர் திரும்பாமலே, "நாங்களும் அதான் தலைவா சொல்லிக்கினு கீறோம், கோர்ட்டு கேக்க மாட்டேங்குது" என்றார். மறுபடி சிரிப்பு.

"குந்துடா!" என்று வார்டர் என் முதுகில் ஒன்று வைத்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னை யாரும் அடித்ததில்லை. வலியைவிட அதிர்ச்சிதான் அதிகம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குந்தினேன்.

"பூஜைக்கு வந்தவன்னா கைல சீல் இருக்கணுமே? காட்டு."

கையை நீட்டினேன். அவர் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் மோந்தார். "வாசனையா இருக்கு. சீல் எங்கடா?"

"தேச்சுட்டேன் சார். புளி போட்டு."

"புளி போட்டு?"

"எலுமிச்சம்பழமும் போட்டேன் சார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். "பஜன கோஷ்டின்னா ஒரு பாட்டு பாடு, கேப்போம்" என்றார்.

எனக்குப் பாட்டு வராது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? சும்மாவே வராது. குந்தியபடி, முதுகில் அடி வாங்கி, தொண்டை காய்ந்து பாடினால் எப்படி இருக்கும்? முதல் வரியிலேயே குரல் பிசிறி நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த குப்பத்துக்காரன் பாவப்பட்டு எனக்கு எடுத்துக் கொடுத்தான். அவன் குரல் கணீரென்று இருந்தது. மத்தியானம் எங்களோடு பாடிய பாட்டை ஒரு வார்த்தை விடாமல் பாடினான். முன்னாலிருந்த நாலைந்து பேர் கை தட்டித் தாளம் போட்டார்கள்.

வார்டர் என்னைப் பார்த்தார். "உன்ன விட அவன்தான் நல்லா பாடறான். அப்ப அவன வெளிய விட்டுடட்டுமா?"



மறுபடி எண்ணினார்கள். ஒரு ஆள் அதிகம். இன்னொரு வார்டரைக் கூப்பிட்டுத் தலைகீழாக எண்ணச் சொன்னார்கள். அப்போதும் ஒரு ஆள் அதிகம். ஆள் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மணி அடிப்பார்கள், தேடுவார்கள். ஜெயிலில் ஆள் கூடினால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிய தலைமை வார்டர் வந்தார். வேறு பிளாக்கிலிருந்து யாரோ ஒருவன் இங்கே வந்து கலந்திருக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"கணக்கு சரியாகற வரைக்கும் ஒருத்தன் எழுந்திருக்கக் கூடாது. சோறும் கிடையாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, குப்பத்துக்காரன் முன்னால் வந்து நின்றார். "ஜோடி சேத்துக்கிட்டவன் நீதானே? எந்த பிளாக்லேருந்துடா கூட்டியாந்த இவன? சொல்ல மாட்ட? சரி, நாளைக்கு உனக்கு மனு கட்."

சொந்தக்காரர்கள் வந்து கைதியைப் பார்ப்பதற்கு ஜெயிலில் மனு என்று பெயர்.

அதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "ஐயா, ஐயா, நாளிக்கு மட்டும் வேணாங்கய்யா" என்றான். அவர் போய்விட்டார். இவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாளைக்கு என்ன என்று நான்தான் மெதுவாகக் கேட்டேன்.

"நாளிக்கு அம்மா கொயந்தய இட்டுனு வருது நைனா. மொட்ட அட்ச்சி காது குத்திக்கீறாங்கோ. நான் பாக்கவேல்ல. அப்பன் மடில குந்த வெச்சி குத்தணும்னு கொயந்த அயுதுதாம். கம்பிக்கு இந்தாண்டேருந்து காதையாவது பாத்துக்கலாம்னு..."



சுத்தம், ஆசாரம் என்று நான் கையைத் தேய்த்தேன். அதற்கு இவன் பிள்ளையைப் பார்க்க முடியாமல் போகிறது. அந்த முற்றம் முழுக்க இருந்தவர்களின் ராத்திரிச் சோறும் போகிறது. "என்னை மன்னிச்சுடுப்பா" என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ நைனா. வுடு." பிறகு அவனே, "கால இப்டி ஒரே மேரி வெச்சிக்காத, மர்த்துப்பூடும். வெயிட்ட இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மாத்திக்கினே இரு" என்று சொல்லிக் கொடுத்தான். அவனுக்கு நாளைக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை நான் கெடுத்திருக்கிறேன். அவன் என் முழங்காலுக்குக் கவலைப்படுகிறான்.

இதற்கிடையில் வெளியே நடந்ததை என் மனைவி பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். வெளியே போகிறவர்களின் முத்திரையைப் பார்த்தார்களே தவிர, எத்தனை பேர் என்று வாசலில் யாரும் எண்ணவில்லையாம். திரும்பி வரும் வழியில் டீ குடிக்க இரண்டு வேனும் நின்றிருக்கின்றன. என்னைத் தேடி ஆண்கள் வேனுக்கு வந்திருக்கிறாள். தலைவர், "உங்க வேன்ல இருக்கார்னு நெனச்சேன்மா" என்றாராம். அண்டாவைத் திறந்தால் சுண்டல் ஒட்டிய என் சட்டை மட்டும் இருக்கிறது. அவள் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வேனைத் திருப்பச் சொல்லிவிட்டாள். ஜெயில் வாசலில் காவலரிடம் போய், "எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காருங்க" என்றிருக்கிறாள்.

"அதுக்குத்தானே எல்லாரும் வராங்க. மனு டைம் முடிஞ்சுபோச்சு, நாளைக்கு வாம்மா."

"இல்லீங்க, அவர் ஒண்ணும் தப்பு பண்ணல. தெரியாம உள்ள மாட்டிக்கிட்டாரு."

"எல்லாப் பொம்பளைங்களும் அதான்மா சொல்றாங்க. வக்கீலப் பாரு."

அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து ஒரு பாட்டம் அழுதிருக்கிறாள். எங்கள் பெண்கள் வேன் முழுக்க இறங்கி அவளோடு சேர்ந்துகொண்டது. பஜனை பாடிப் பழகிய தொண்டைகள். சத்தம் ஜெயிலர் அறை வரைக்கும் போயிருக்கிறது.

அதே நேரம் ஜெயிலர் எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். வாசலில் என் திருநீற்றை வாயில் போட்டுக்கொண்டாரே, அவரேதான். ஆனால் சட்டையில்லாமல் குந்தியிருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்ன கேஸ்?"

எனக்கு மூளை வேலை செய்யவில்லை. "அபிஷேகம் சார்" என்றேன்.

"அது எந்த செக்‌ஷன்டா?" என்று அவர் தலைமை வார்டரைப் பார்த்தார். தலைமை வார்டரும் ஞாபகப்படுத்திப் பார்த்தார். அப்போதுதான் வாசலிலிருந்து காவலர் ஒருவர் என் சட்டையோடு ஓடிவந்து ஜெயிலர் காதில் என்னவோ சொன்னார். ஜெயிலர் முகத்தில் அப்படி ஒரு மாற்றம்.

"ஐயா... எழுந்திருங்க ஐயா."

எழுந்திருக்க முடியவில்லை, கால் இரண்டும் மரத்துப்போயிருந்தது. என்னை அடித்த வார்டரே ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார். "சாமி, மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு ஆளு கூடினாலும் கொறஞ்சாலும் என் வேலதான் போவும்" என்று காதோடு சொன்னார். முற்றத்தில் மற்ற எல்லோரும் இன்னும் குந்தியே இருந்தார்கள். குப்பத்துக்காரன் நிமிர்ந்து பார்த்து, "நல்லபடியா போய் வா நைனா" என்றான்.

ஜெயிலர் அறையில் ஃபேன் போட்டார்கள், நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. "பெரிய தப்பு நடந்துபோச்சு. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பேப்பர்காரனுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். உங்க வீட்டம்மா வாசல்ல இருக்காங்க. கிளம்புங்க" என்றார்.

வாசலில் அவள் இருக்கிறாள் என்றதும் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஆனால் நான் எழுந்திருக்காததற்குக் காரணம் அது இல்லை.

"சார், எனக்குப் பக்கத்துல ஒருத்தன் இருந்தான். அவனுக்கு நாளைக்கு மனு கட் பண்ணிட்டாங்க. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அவனுக்கு மனு குடுங்க."

"அதெல்லாம் உள் விவகாரம். நாங்க பாத்துக்கறோம். நீங்க கிளம்புங்க."

"எல்லாருக்கும் சோறு நிறுத்திட்டாங்க சார்."

"போடுவாங்க, போடுவாங்க. நீங்க போங்க முதல்ல."

அந்தப் போங்க என்ற வார்த்தையை அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது, நான் வெளியே போனதும் அவர் மறந்துவிடுவார் என்று. நான் வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. கடையில் முதலாளி சிவப்பை நீலம் என்றால் நானும் நீலம் என்பேன். அன்றைக்கு எங்கிருந்து அது வந்தது என்று எனக்குத் தெரியாது, பிள்ளையாருக்குத்தான் தெரியும். நாற்காலியிலிருந்து இறங்கினேன். ஜெயிலர் நான் கிளம்பப் போகிறேன் என்று நினைத்து எழுந்தார். நான் அவர் மேஜைக்கு முன்னால் தரையில் குந்திக்கொண்டேன்.

"என்னய்யா பண்றீங்க?"

"தப்பு பண்ணது நான் சார். தண்டனைய எனக்குக் குடுங்க. அவனுக்கு மனு உண்டுன்னு சொல்ற வரைக்கும் நான் வெளிய போக மாட்டேன்."

"யோவ், நீங்க வெளிய போனாத்தான்யா எனக்குக் கணக்கு டேலி ஆகும்!"

"அதான் சார் நானும் சொல்றேன்."

அவர் என்னையே பார்த்தார். தூக்கிக்கொண்டு போய் வெளியே போடச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் ஒரு வேன் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு வருவதை அவர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல விடுங்க விடுங்கன்னு என் கால்ல விழுந்தவன்தான் உண்டு. வெளிய போய்யான்னு நான் கெஞ்சறது இதான் முதல் தடவ."

கடைசியில் தலைமை வார்டரைக் கூப்பிட்டார். அந்தக் குப்பத்துக்காரனுக்கு நாளைக்கு மனு உண்டு, எல்லோருக்கும் இப்போதே சாப்பாடு போடு என்று என் காதுபடச் சொன்னார். நான் எழுந்து கும்பிட்டேன். அவரும் கும்பிட்டு, "அடுத்த தடவ பூஜைன்னா வேற ஜெயிலாப் பாருங்க" என்றார்.

வாசலுக்கு வந்தேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒரு சட்டையக்கூட பத்திரமா வெச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் உண்மையிலேயே விடுதலையாகிவிட்டேன் என்று நம்பிக்கை வந்தது. வேனில் வீடு வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெயிலர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்று அதே நினைப்பு. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் மாறி மாறி அந்த ஜெயிலுக்கே போனேன். உள்ளே போக மனசில்லை. எதிரிலிருந்த வேலிக்கல்லில் உட்கார்ந்து, மனு பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு பெரியம்மா வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தலையில் மொட்டை, மொட்டையில் சந்தனம், காதில் கடுகளவு தோடு. குழந்தை காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டே வந்தது.

நான் ஓடிப்போய், "அம்மா, பையனப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன் நைனா. கொயந்த காதப் பாத்து அப்டியே அயுதுட்டான்." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "நீ யாரு? எம் புள்ளய உனுக்கு எப்டித் தெரியும்?"

"உள்ள அவர் பக்கத்துலதாம்மா குந்தியிருந்தேன்."

"அடப் பாவமே. எப்போ ரிலீசு ஆன?"

"நேத்து சாயங்காலம்."

அந்தம்மா என் நெற்றியில் இருந்த பட்டையையும் வயசையும் பார்த்தாள். குழந்தையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளில் தட்டினாள். "நடந்தது நடந்து பூட்ச்சி. இனிமேலாவது ஒயுங்கா இர்ந்து பொயச்சிக்கோ நைனா. பொண்டாட்டி புள்ளைங்க பாவம்" என்றாள்.

"சரிம்மா" என்றேன். நான் கைதி இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. அந்தக் குப்பத்துக்காரன் வெளியே வந்தானா, இல்லையா, தெரியாது. முன்பெல்லாம் சாயங்காலம் விளக்கேற்றினால் எனக்கு, என் மனைவிக்கு, என் பிள்ளைகளுக்கு என்று வேண்டிக்கொள்வேன். இப்போதும் வேண்டுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் அங்கே விசில் ஊதியிருப்பார்கள், இரண்டிரண்டு பேராகத் தலை குனிந்து குந்தியிருப்பார்கள் என்ற நினைப்பு தன்னால் வந்துவிடுகிறது. அதனால் கடைசியாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: பிள்ளையாரப்பா, முதல் தடவை எண்ணும்போதே கணக்கு சரியாக வரட்டும், அவர்கள் எழுந்து போய்ச் சாப்பிடட்டும்.